வருடத்துக்கு அறுபத்தாறாயிரம்

வேலணை,
சனிக்கிழமை.

அன்பு மகள் நிருஜாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் எங்கள் வயதுக்கு உரிய சுகத்துடன் இருக்கிறோம். நீரும் லவன் மாமா குடும்பமும் கனடாக் குளிருக்கு உரிய சுகத்துடன் இருப்பீர்கள் என்று நம்புகிறோம். இங்கே மழை இன்னும் வரவில்லை, கிணறு உவர்க்கத் தொடங்கிவிட்டது, தேத்தண்ணீரில் சீனி போட்டும் தெரிகிறது. நீர் வட்ஸ்அப்பில் அனுப்பிய பல்கலைக்கழகத் தாளைப் பலமுறை வாசித்தேன். போனில் பதில் சொல்லலாம்தான், ஆனால் நான் இரண்டாவது வசனத்துக்கு வருமுன் அம்மா போனை வாங்கிவிடுவார் என்பதால் எழுதுகிறேன்.

பயோமெடிக்கல் எஞ்சினியரிங் படித்து வெளியேறுபவர் சராசரியாக அறுபத்தாறாயிரம் டொலர் சம்பளம் எடுக்கிறார், நாலு வருடப் படிப்புக்கு ஐம்பத்திரண்டாயிரம் கடன் ஆகும், எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர். ஒரு மாதச் சம்பளத்தில் தீருகிற கடனுக்கு இவ்வளவு யோசனை எதற்கு என்று நான் உடனே ஓம் சொன்னேன். அந்த ஓம் எப்படி வந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. முப்பது வருடம் பிரதேச செயலகத்தில் வேலை பார்த்தவனுக்குச் சம்பளம் என்றால் மாதத்துக்குத்தான். இது வருடத்துக்கு என்று தாளின் அடியில் எறும்பளவில் எழுதியிருந்ததை நான் பார்க்கவில்லை. அதை எனக்குள் வைத்திருந்தாலும் பரவாயில்லை. சென்ற செவ்வாய் யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் வங்கியில் வேலை செய்யும் சுஜிதன் பக்கத்தில் இருந்தான். மகளுக்கு மாதம் எங்கள் காசில் ஒரு கோடியே நாற்பது லட்சம் வரப்போகிறது என்று அவனிடம், பெருமையில்லாமல்தான், சொன்னேன். அவன் போனில் ஏதோ தட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணை, அது வருசத்துக்கெல்லோ? மாசத்துக்கெண்டால் நானும் வங்கியை விட்டிட்டுப் படிக்கப் போயிருப்பன்” என்றான். பின்னாலிருந்து யாரோ, “பன்ரண்டாலை பிரியுங்கோ ஐயா” என்று உதவி செய்தார். பஸ் பண்ணைப் பாலத்தின் நடுவில் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் கடல், இறங்கவும் ஏலாது. நீர் பேக்கரியில் மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிறீர், நாங்கள் மாதத்துக்கு, எஞ்சினியர்மார் வருடத்துக்கு. மனிதர் உயர உயரச் சம்பளம் சொல்லும் காலமும் நீளும் போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்து மறுபடி கணக்குப் பார்த்தேன். மாதம் ஐயாயிரத்து ஐந்நூறு. வரி போனால் நாலாயிரத்து இருநூறு மிஞ்சும் என்று லவன் சொல்கிறான். வாடகை, சாப்பாடு, பஸ், குளிருடுப்பு எல்லாம் போக மிஞ்சுவதில் அரைவாசியைக் கட்டினாலும் வட்டியோடு தீர எட்டு வருடம். படிக்க நாலு. இப்போது உமக்கு இருபத்துமூன்று. ஆகவே முப்பத்தைந்தாவது வயதில், கடனில்லாமல் நீர் இன்றைக்கு நிற்கிற இடத்துக்கே வந்து சேருவீர். மேலும் அந்தச் சராசரி, வேலை கிடைத்தவர்கள் பல்கலைக்கழகத்துக்கு எழுதி அனுப்பிய பதில்களில் இருந்து வந்தது. கிடைக்காதவர்கள் பதில் எழுதும் மனநிலையில் இருந்திருக்க மாட்டார்கள். கலியாணத் தரகர் சொல்லும் சம்பளத்தை விசாரிக்காமல் நம்புவோமா? கடைசியாக வெளியேறியவர்களில் எத்தனை பேர் இதே துறையில் வேலை செய்கிறார்கள், ஆகக் குறைந்த சம்பளம் என்ன, இடையில் சம்பளத்தோடு பயிற்சி உண்டா, வட்டி எந்த நாளில் தொடங்குகிறது, இவ்வளவையும் நேரே போய்க் கேளும்.

அம்மாவின் எண்ணம் வேறு. இதைப் படித்தால் டொக்டரும் எஞ்சினியரும் சேர்ந்த ஒரே ஆள் ஆகலாம் என்று விளங்கிக்கொண்டு அயலுக்கும் விளங்கப்படுத்திவிட்டார். பக்கத்து வீட்டு அம்பிகை அக்கா தன் சீனி வருத்த ரிப்போட்டை உமக்கு அனுப்பச் சொல்லித் தந்திருக்கிறார். நீர் இன்னும் படிக்கத் தொடங்கவில்லை என்பது அவருக்கு ஒரு தடையாகத் தெரியவில்லை. இது மருந்து கொடுக்கிற படிப்பல்ல, வைத்தியத்துக்கு மெசின் செய்கிற படிப்பு என்று அம்பிகை அக்காவிடம் சொன்னேன். “அப்ப மெசினை அனுப்பச் சொல்லுங்கோ” என்றார்.

வேண்டாம் என்று உமக்கு எழுதத் தாளை எடுத்துவிட்டேன். அதற்குமுன் அம்மாவுக்குக் கணக்கைச் சொன்னேன். அவர் முருங்கையிலை ஆய்ந்துகொண்டே கேட்டுவிட்டு, “அப்ப அவங்கள் பிள்ளையை ஒற்றிக்கு எடுக்கிறாங்கள். எட்டு வருசம் விளைச்சலை அவங்கள் எடுப்பாங்கள், பிறகு காணி எங்கடைதானே?” என்றார். ஒற்றி என்றால் காசு கொடுத்தவன்தான் உழுது, வட்டிக்குப் பதிலாக விளைச்சலை எடுப்பான், இங்கே உழுவதும் பிள்ளை, வட்டி கட்டுவதும் பிள்ளை என்று திருத்தினேன். “அவள் உழுதால் நல்லம்தானே. பிறத்தியான் உழுதால் வேலியை எங்கட பக்கம் அரக்கிப்போடுவான்” என்றார். அத்தோடு விடவில்லை. சுருவிலில் தன் பெயரில் இருக்கும் எட்டுப் பரப்பை, உமக்குச் சீதனமாக வைத்திருந்த காணியை, புகையிலைத் தோட்டம் செய்யும் ஜெகதீசுக்கு ஒற்றிக்குக் கொடுத்து, பத்து லட்சம் ரூபாயை உமது முதல் வருடத்துக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார். நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தால் எதைக் காட்டுவது என்று கேட்டேன். “சீதனம் பிள்ளைக்கோ, மாப்பிள்ளைக்கோ?” என்றார். சட்டப்படி பிள்ளைக்குத்தான். அந்தச் சட்டத்தை அலுவலகத்தில் எத்தனையோ பேருக்கு நான் விளங்கப்படுத்தியிருக்கிறேன். வீட்டில் ஒருவர் நம்பிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

எங்கள் தேசவழமைச் சட்டப்படி மனைவி தன் காணியை ஒற்றி வைக்கக் கணவனின் சம்மதக் கையெழுத்து வேண்டும். நேற்று உறுதிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசிடம் போனோம். அவர் உறுதியை வாசித்து முடித்து, எனக்குச் சம்மதமா என்று கேட்டார். நான் கணக்குக் கொப்பியை விரித்தேன். “ஐயா, இதிலை கையெழுத்துக்கு மட்டும்தான் இடமிருக்கு” என்றார். அம்மா பேனையை என் பக்கம் தள்ளினார். கையெழுத்து வைத்தேன்.

ஆகையால் நீரும் கடன் பத்திரத்தில் கையெழுத்து வையும், ஆனால் வருகிற பத்து லட்சத்தைக் கழித்துவிட்டு மிச்சத்துக்கு மட்டும். பதினெட்டாம் தேதிக்கு முதல் விண்ணப்பம் போக வேண்டும், மறந்துபோகாதேயும். பேக்கரி வேலையையும் உடனே விட வேண்டாம். நயினைக் கோயில் அம்மாள் உம்மோடு இருப்பாள்.

கடன் தீரும் வரைக்கும் என் கணக்குத்தான் சரி. தீர்ந்த நாளிலிருந்து அம்மாவுடையது சரி. அந்த நாளை நான் இருந்து பார்க்க விரும்புகிறேன்.

என்றும் உமது நன்மை வேண்டும்
அப்பா,
ஆ. பிரதாபன்