நாலு கட்டை

டிசம்பர் 2, சனி

நல்ல குளிர். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டுதான் தோசை சுட்டேன். டேங்கர் இன்றும் வரவில்லை. இந்த வடக்கத்தி ஊரின் ஓரத்தில், கராடியில் வீடு பார்க்க வந்த அன்றைக்கே தண்ணீர் இருக்குமா என்று கேட்டேன். என் பேச்சை யார் காதில் போட்டுக்கொண்டார்கள்.

மத்தியானம் போன். ஊர் நடுவே இருக்கும் கேம்ப் சர்ச்சில் தமிழ்ப் பாடகர் குழுவை நடத்தும் ஞானராஜ் அண்ணன். கிட்டார் வாசித்தவர் பெங்களூருக்கு மாறிவிட்டாராம். "அரே சிஸ்டர், உங்க வீட்ல கிட்டார் இருக்குதாமே, ரீனா சொல்லிச்சு. பதினேழாம் தேதி கேரல் சர்வீஸ். சின்னப் பாட்டு, மூணே கார்டு. வாசிக்கிறீங்களா?"

கிட்டார் மகள் ரீனாவுக்கு வாங்கியது. ஒரு மாதம் வகுப்புக்குப் போனாள். விரல் வலிக்கிறதாம், பீரோ மேல் ஏற்றிவிட்டாள். அவள் பள்ளிக்கூடம் போன பிறகு நான்தான் இறக்குவேன். அவளுடைய புத்தகத்தைப் பார்த்து சி, எஃப், ஜி என்ற மூன்று கார்டு, அதாவது விரல்பிடி, பழகியிருக்கிறேன். எஃப் மட்டும் விழாது, கொரகொர என்று கேட்கும்.

வாசிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

"ப்ராக்டிசுக்கு வரணுமா அண்ணே?"

"எதுக்கு சிஸ்டர், அவ்ளோ தூரத்துலேர்ந்து? போன வருஷம் பாடின பாட்டுதான். நாலு கட்டை, அவ்ளோதான்."

டிசம்பர் 4, திங்கள்

வாங்க: கொத்தமல்லி, கோதுமை மாவு, ரீனாவுக்கு வெள்ளை ரிப்பன், விரலுக்குப் பிளாஸ்திரி.

நாலு கட்டை. கிட்டாரின் கழுத்தில் கட்டம் கட்டமாக இருக்கிறதே, அதைத்தான் சொல்கிறார் போல. ஸ்ருதியை ஏற்ற, கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்பை நாலாவது கட்டத்தில் மாட்டினேன். பழைய மூன்று கார்டுகளையே பிடித்தேன். குரல் ஏறி, கணீரென்று வந்தது. எனக்கே ஆச்சரியம். போனில் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம்தான். பாளையங்கோட்டையில் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு நாலு எண்ணத் தெரியாதா என்று நினைத்துக்கொள்வார்.

இவர் ஆபீஸ் விட்டு வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல், "என்னட்டி, வீட்டுக்குள்ள கச்சேரி?" அப்புறம் போனில் யாரிடமோ: "வைஃபா? சும்மா வீட்லதான் இருக்கா." தண்ணீர் பிடித்து, சமைத்து, இவர் சட்டைக்கு இஸ்திரி போட்டு, சும்மா.

டிசம்பர் 9, சனி

ரீனாவுக்கு சர்ச்சில் கேரல் ப்ராக்டிஸ். இவர் பைக்கில் கூட்டிப் போனார். நானும் வருகிறேன், ஒரு தடவை சேர்ந்து வாசித்துப் பார்க்கிறேன் என்றேன்.

"கிட்டாரோட மூணு பேர் பைக்ல போவமா? ஒனக்குக் கூறு இருக்கா?"

"நான் ஆட்டோல வாரேன்."

"கேம்ப் வரைக்கும் ஆட்டோவா! ஒரு பாட்டுக்கு!"

இவர் நண்பர்களோடு சிங்கட் கோட்டைக்குப் போகிறபோது மட்டும் தூரம் தெரியாது. போகவில்லை. கோபத்தில் வாசித்ததால் எஃப் இரண்டு தடவை சுத்தமாக விழுந்தது.

ரீனா திரும்பி வந்ததும் வாசித்துக் காட்டினேன். கதவில் சாய்ந்து முழுதாகக் கேட்டாள். ஏதோ சொல்ல வாய் திறந்த மாதிரி இருந்தது.

"எப்படிட்டி இருக்கு?"

"டீக் ஹை, மம்மி."

போய்விட்டாள். சரியாம். அதற்கே சந்தோஷப்பட்டேன், மானங்கெட்ட மனசு.

டிசம்பர் 15, வெள்ளி

விழுந்துவிட்டது! எஃப். எப்போது பிடித்தாலும் விழுகிறது. விரல் நுனியெல்லாம் காய்ப்பு. சோறு பிசையும்போது எரிகிறது, பரவாயில்லை.

லிஃப்டில் மூன்றாம் மாடிக்காரம்மா: "ரீனா கி மம்மி, கிட்டார் ஆப் பஜாதே ஹோ?" வாசிப்பது நானா என்கிறாள். ஆமாம், என் பெயர் ஜாஸ்மின் என்றேன். "அச்சா, அச்சா" என்றாள். இறங்கும்போது, "பை, ரீனா கி மம்மி."

நிகழ்ச்சி நிரலை ரீனா கொண்டுவந்தாள். கடைசிக்கு முந்தைய வரி: கிட்டார், சிஸ்டர் ஜாஸ்மின். இந்த ஊருக்கு வந்த பிறகு கேஸ் புத்தகத்தில்கூட என் பெயர் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நன்றாக நடந்துவிடட்டும், ஆண்டவரே. வேறெதுவும் கேட்கவில்லை.

நீலப் புடவைக்கு ஃபால்ஸ் தைக்க வேண்டும்.

டிசம்பர் 18, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை.

கிளம்பும் நேரத்தில் இவருக்கு ஒரு மெயில் அனுப்பியே ஆக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை. ரீனா முன்னாலேயே தோழியோடு போய்விட்டாள். நாங்கள் ஆட்டோ பிடித்துப் போனபோது இரண்டாவது பாட்டு நடக்கிறது. ஞானராஜ் அண்ணன் கீபோர்டில் இருந்தபடியே, வந்து நில்லுங்கள் என்று தலையை ஆட்டினார். சேர்ந்து ஒரு கார்டு வாசித்துப் பார்க்க நேரமில்லை.

என் பெயரைச் சொன்னார்கள். மைக்கில். நான் கிளிப்பை நாலாவது கட்டத்தில் மாட்டிவிட்டு நின்றேன்.

அவர் கீபோர்டில் ஆரம்பித்தார், நானும் ஆரம்பித்தேன். முதல் அடியிலேயே பல் கூசியது. ஒரே பாட்டு, என்னுடையது ஒரு முடி கீழே. விரலைத்தான் தப்பாக வைத்துவிட்டேன் என்று நினைத்து இன்னும் அழுத்தி வாசித்தேன், சனியன். குழந்தைகள் திரும்பிப் பார்த்தார்கள். முன்வரிசையில் ஒரு அம்மா காதுப் பக்கம் கையைக் கொண்டுபோனாள். ஞானராஜ் அண்ணன் கையைத் தாழ்த்திச் சைகை காட்டினார், நிறுத்துங்கள் என்று.

நிறுத்தினேன். ஆனால் எங்கே போக? பாட்டு முடியும்வரை கம்பியில் படாமல் கையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு நின்றேன். நீலப் புடவையில்.

காபி நேரத்தில் ஞானராஜ் அண்ணன்: "நாலு கட்டைன்னா எஃப் சிஸ்டர். ஹார்மோனியக் கணக்கு. வெள்ளைக் கட்டைய எண்ணிப் பாருங்க, நாலாவது. சி-லேர்ந்து ஏறும்போது கறுப்பும் சேரும், அதனால கிட்டார்ல கிளிப் அஞ்சாவது கட்டத்துல வரணும். ஒரு கட்டம் முன்னாடியே போட்டுட்டீங்க. கோயி பாத் நஹீ, பரவால்ல. நியூ இயருக்கு வேற ஆளப் பாத்துட்டேன், நீங்க ரெஸ்ட் எடுங்க."

ரெஸ்ட்.

இவர் வாசலில் போனோடு நின்றிருந்தார். "சூப்பரா வாசிச்சட்டி." உள்ளேயே வரவில்லை. முழுப் பாட்டுக்கும் வாசலில் போன்.

திரும்பும்போது ஆட்டோவில், இவர் இன்னும் போனிலேயே இருக்க, ரீனாவிடம் மெதுவாகக் கேட்டேன். ப்ராக்டிசில் வேறு மாதிரி இருந்ததா?

"ஹாங். ஸ்கேல் அலக் தா." வேறு ஸ்ருதியாம்.

"அன்னைக்கு வீட்ல கேட்டியே. ஏன் சொல்லல?"

ஜன்னல் இல்லாத ஆட்டோவில் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் டிரைவரின் முதுகைப் பார்த்தாள். "ஸச்சி, நெஜமா நீ ஸ்டேஜ்ல வருவேன்னு நினைக்கல மம்மி. லாஸ்ட் மினிட்ல டாடி வேண்டாம்னு சொல்வாரு, நீயும் விட்ருவ. எப்பவும் அப்படித்தானே."

ஓங்கி அறையலாம் போல இருந்தது. அவள் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் இன்னும் எரிகிறது.

டிசம்பர் 19, செவ்வாய்

டேங்கர் வந்தது. இரண்டு டிரம் நிறைத்தேன். பள்ளிக்கூடம் கிடையாது, ரீனா அறையில் படிக்கிறாள்.

இவர் காலையில் போனில்: "நம்ம வைஃப் சர்ச்ல கிட்டார்லாம் வாசிச்சா, தெரியுமா! எல்லாரும் பாராட்டு." கரண்டியைத் தூக்கி எறிந்திருப்பேன்.

கிட்டாரைப் பீரோ மேல் ஏற்றப் போனேன். ஏற்றவில்லை. கிளிப்பை அஞ்சாவது கட்டத்தில் மாட்டி, பாட்டை முழுசாக வாசித்தேன். எஃப் விழுந்தது. ஒரு இடத்திலும் தப்பவில்லை.

உள்ளேயிருந்து ரீனா: "மம்மி, டோர் பந்த் கரோ நா."

கதவை மூடினேன்.