அரை ரவுண்டு ஓட்டம்

அன்புள்ள அப்பாவுக்கு ஜெயசுதா எழுதுவது. கரும்பு வெட்டு முடிஞ்சுதா? அம்மா பிரஷர் மாத்திரை ஒழுங்கா போடுறாங்களா? நான் நல்லா இருக்கேன். போன்ல சொன்னா அழுதுடுவேன்னுதான் எழுதுறேன்.

போன மாசம் இங்க ராஜஸ்தான்ல, மத்திய போலீஸ் டிரெய்னிங்ல சுவர் தாண்டும்போது முட்டி கொஞ்சம் பிசகிடுச்சு. பயப்பட ஒண்ணுமில்ல. இன்னும் மூணு வாரம் ஓடக் கூடாது, நடந்தா போதும்னு பிசியோதெரபி மேடம் சொன்னாங்க. ஓட்டத் தேர்வு நெருங்குதேன்னு திங்கக்கிழமை ஓடிப் பாத்தேன். அரை ரவுண்டுலயே கால் மடங்கி உக்காந்துட்டேன்.

மேடம் திட்டல. "வலியோட சண்டை போடாத. மறுநாள் காலையில முட்டி வீங்கலன்னா மட்டும் பயிற்சியைக் கொஞ்சம் கூட்டு"ன்னாங்க. இப்ப மறுபடி முதல்லேருந்து, படுத்துக்கிட்டே காலைப் பத்து தடவை தூக்குறேன். அதுக்கே கண்ணுல தண்ணி வந்துடுது.

கூட இருந்தவங்க தேர்வு முடிச்சிட்டு பெட்டி கட்டுறாங்க. நான் அடுத்த பேட்ச்தான். அதுலயும் ஓட முடியலன்னா வூட்டுக்கு அனுப்பிடுவாங்களாம். ஓடுவேன்னு எனக்கே நம்பிக்கை இல்லப்பா.

ஐஸ் வச்சுக் கட்ட அம்மாவோட பழைய காட்டன் புடவை ஒண்ணு அனுப்புங்க. கொஞ்சம் எலுமிச்சை ஊறுகாயும். தபால் எடுக்க ஆள் வந்துட்டாரு. டிரெய்னிங் முடியிற பரேடு பாக்க ராஜஸ்தானுக்கு டிக்கெட் போட்டிருந்தா கேன்சல் பண்ணிடுங்க.

உங்க மக,
ஜெயசுதா