வேட்டை அறையின் வெள்ளை நாய்

கோட்டை விடுதிக்காரர்கள் நேற்று கல்லூரி முகவரிக்கு ஒரு விளம்பரத் தாள் அனுப்பியிருந்தார்கள். வழவழப்பான தாள். பருத்தி அறை, தேர் அறை, வேட்டை அறை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். வேட்டை அறையில், கட்டிலுக்கு மேலே சுவரில் நீ வரைந்த நாய். முழு வெள்ளை. அதன் கீழே நான் எழுதிக் கொடுத்த வரி: 'இராஜபாளையத்து வேட்டை நாய்க்கு வெள்ளையைத் தவிர வேறு நிறம் கிடையாது.' கூடவே என் பெயர், பட்டத்தோடு.

பொய் என்று தெரிந்தே எழுதிய வரி. அது தெரிந்த இன்னொருவன் நீ. நீ இறந்து ஒரு வருடமாகிறது. இனி என்னை மறுக்க ஆளில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் வீட்டு இராஜபாளையத்து நாய் ஆறு குட்டி போட்டது. ஐந்து வெள்ளை. ஆறாவதற்கு முதுகிலும் இடது காதிலும் பழுப்புத் திட்டு. நிறம் கலந்த குட்டியை வளர்த்தால் மற்ற குட்டிகளுக்கும் கெட்ட பெயர் என்று எங்கள் தெருவில் எல்லோரும் நம்பினார்கள். அதை முக்கிவிடச் சொல்லி, அப்பா தண்ணீர் வாளியை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் வாளியோடு நின்றேன். பக்கத்தில் நின்ற நீ குட்டியைச் சட்டைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டினாய்.

"ஏலே, உங்கப்பா கேட்டா முடிஞ்சிட்டுன்னு சொல்லு. நான் வாரேன்."

சைக்கிளில் தளவாய்புரம் போய்ச் சேர்ந்த அந்தக் குட்டி, கருப்பட்டி என்ற பெயரோடு உன் வீட்டில் பதின்மூன்று வருடம் இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்லூரி வேலை கிடைத்ததும் உன் தங்கையைப் பெண் கேட்டு வந்தேன். உன் அம்மாவுக்குச் சம்மதம். நீதான் மறித்தாய். நான் வெளியே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது நீ உள்ளே சொன்னது கேட்டது. "நல்லவந்தாம்மா. ஆனா ஒரு வார்த்தைய பத்து வருசம் மனசுல வச்சிருப்பான். இவ பாவம்." நீ போகிற போக்கில் சொன்னாய். நான் பத்து வருடமும் வைத்திருந்தேன்.

தொண்ணூறுகளில், மலையடிவாரத்துப் பழைய கோட்டையை ஒருவர் வாங்கிப் பழுதுபார்த்து விடுதியாக்கினார். அறைச் சுவர்களில் படம் வரைய, கடைப் பலகை எழுதிக்கொண்டிருந்த உன்னை அழைத்தார். அறைக்கு அறை வரலாற்றுக் குறிப்பு எழுத என்னை. வேட்டை அறையில் நீ கருப்பட்டியை வரைந்தாய். அது செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. "ஒரு போட்டோ எடுத்து வைக்கலையேலே. இனி அது இருக்கிறது இங்கதான்" என்றாய்.

முதலாளி வந்து பார்த்தார். "சார், இந்த ஊரு நாய் வெள்ளைதான? காது ஏன் இப்படி இருக்கு? நீங்க சரின்னா இருக்கட்டும்."

என் ஒரு சொல் போதும். வாளியோடு நின்றவனுக்கு உண்மை தெரியாதா?

"வெள்ளைதான். இது கலப்பு" என்றேன். எழுதியும் கொடுத்தேன்.

மறுநாள் நீ வெள்ளைப் பெயிண்ட் டப்பாவோடு வந்தாய். முதுகை மூடினாய். காதுக்கு வந்ததும் பிரஷ்ஷை என்னிடம் நீட்டினாய்.

"வாத்தியாரே, இத நீயே அடி. அன்னைக்கும் வாளி உன் கையிலதான இருந்துச்சு."

கோபமாகச் சொல்லியிருந்தால் மறுத்திருப்பேன். நீ சிரித்தாய். நான் வாங்கி அடித்தேன். முதல் தடவையில் பழுப்பு அடங்கவில்லை. இரண்டாவது தடவையும் அடித்தேன்.

மற்ற அறைகளை நீ வரையவில்லை. பொறவு பஸ் ஸ்டாண்டில் பார்த்தால், "என்னலே, சௌக்கியமா?" அம்புட்டுதான்.

இன்று காலை விடுதிக்குப் போய் அந்த வரி தப்பு, எடுத்துவிடுங்கள் என்றேன். முதலாளிக்குச் சிரிப்பு. "நீங்க எழுதினதுதான சார்! வர்றவங்க எல்லாம் அதப் படிச்சிட்டு, வெள்ளைக் குட்டி எங்க கிடைக்கும்னுதான் கேக்காங்க."

அவர்களுக்காக எத்தனை வீடுகளில் வாளி நிறைகிறதோ.

பெண் தராதது சரிதான். ஆனாலும் அன்று நீ சொன்னதை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. நான் அப்படித்தான்.

அன்று நீ சைக்கிளில் போன பிறகு, வாளித் தண்ணீரை முருங்கை மரத்துக்கு ஊற்றினேன். அப்பா வந்து கேட்டார். முடிஞ்சிட்டு என்றேன். உனக்காக நான் சொன்ன ஒரே பொய் அது. அதை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.