அலுமாரியின் மறுமுனை

இன்று காலை மேசை லாச்சியை இழுத்தபோது உன் தைலத்தின் வாசனை வந்தது. உள்ளே கிடந்தது நாம் செய்த வீடியோ விளையாட்டைச் சோதித்துப் பார்க்க வைத்திருந்த கைக்கருவி, பின்மூடி வெடித்த அதே பழையது. மணிக்கட்டு நோகிறது என்று தைலத்தைப் பூசி, அந்தக் கையோடேயே விளையாடுவாய். "சாமானை நாறடிக்காதையடி" என்று எத்தனை தரம் கத்தியிருப்பேன். இன்று முகர்ந்து பார்த்தேன். இடப்பக்கக் குமிழ் உன் பெருவிரல் பட்டுப் பட்டுத் தேய்ந்திருக்கிறது. வலப்பக்கம் என்னுடையது. அதில் ஒரு வாசமும் இல்லை.

கருவியைத் தேடி எடுத்தது பாசத்தில் இல்லை, கோபத்தில். விளையாட்டை வெளியிட்ட கொம்பனியிடமிருந்து மறுபடி மின்னஞ்சல். அதற்கு முன் உனக்குத் தெரிந்த கதையையே கொஞ்சம் சொல்லப்போகிறேன். குறுக்கே பேச நீ இல்லாததால் முழுவதும் சொல்லி முடிக்கலாம்.

நீயும் உன் அம்மாவும் வெள்ளவத்தையில் இந்த ஃபிளாட்டுக்கு மாறிய நாள். அம்மாவின் சீதன அலுமாரியை லொறிக்காரர்கள் வாசலில் இறக்கினார்கள். படிக்கட்டை ஒரு தரம் அண்ணாந்து பார்த்து, "பே மிஸ்", ஏலாது என்று கையை விரித்துவிட்டுப் போனார்கள். லிஃப்டுக்குள் இரண்டு பேரும் ஒரு மரக்கறிப் பையும் போனாலே கதவு மூடாது. "வித்துப்போட்டு ஒரு பிளாஸ்ரிக் அலுமாரி வாங்குவம், இது ஏறாது" என்றார் அம்மா. நீ சட்டைக் கையை மடித்துவிட்டாய்.

"ஏறும்."

"எப்பிடியடி?"

"ஏறும் எண்டுறன். நீ அந்தப் பக்கத்தைப் பிடி."

ஒவ்வொரு மாடியிலும் ஒரு கதவு திறந்தது. கை கொடுக்க ஒருவரும் வரவில்லை. புத்தி சொல்ல எல்லோரும் வந்தார்கள். முதலாம் மாடி ஐயா, "வலப்பக்கம் சரியுங்கோ பிள்ளையள்" என்றார். அவர் மனைவி உள்ளேயிருந்து, "இடப்பக்கம்! அவருக்கு ஒண்டும் தெரியாது" என்றார். இரண்டு பேர் சொன்னதையும் கேட்டதில் இரண்டாம் மாடித் திருப்பத்தில் அலுமாரி இறுகிப்போய் நின்றது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் அதற்குக் கீழே தவழ்ந்து வீட்டுக்குப் போனார்கள். மறுமுனையில் நீ சிரித்துச் சிரித்து, "விடாதையடி, விட்டியெண்டா நான் சட்னி" என்றாய். பொழுதுபடும்போது அலுமாரி உங்கள் அறைக்குள் நின்றது. நாம் வெறும் நிலத்தில் படுத்துக் கிடந்தோம். "இதை ஒரு கேமாச் செய்தா என்ன?" என்று நீ கேட்டது அப்போதுதான்.

அப்படித்தான் நம் விளையாட்டு பிறந்தது. இரண்டு பேர், ஆளுக்கொரு கொன்ட்ரோலர், நடுவில் ஓர் அலுமாரி, முடியாத படிக்கட்டு, மாடிக்கு மாடி பிழையான புத்தி சொல்லும் சனம். உங்கள் வீட்டு முன்னறையில் மேசை போட்டு, நீ படம் கீறினாய், நான் நிரல் எழுதினேன். மூன்றாம் மாடிக்காரிக்கு உன் அம்மாவைப் பிடித்து இருத்திக் குரல் கொடுக்க வைத்தாய். "மெல்ல, மெல்ல, சுவரிலை பெயின்ற் போகுது!" வெளிநாட்டுக் கொம்பனி ஒன்று அதைத் தொலைக்காட்சியில் பொருத்தி விளையாடும் பெரிய கொன்சோலுக்கு வெளியிட்டது. பைத்தியக்கார விளையாட்டு என்று பலர் எழுதினார்கள். அப்படி எழுதியவர்களே வாங்கியும் விளையாடினார்கள். பிறகு, இதைக் கைக்கருவிக்கு மாற்றித் தாருங்கள் என்றது கொம்பனி.

அங்கேதான் சண்டை தொடங்கியது. அந்தச் சின்னத் திரையில் நீ மாதக்கணக்காகக் கீறிய முகங்கள் பயறு போலச் சுருங்கின. நானாக இருந்தால் அழுதிருப்பேன். நீ எல்லாவற்றையும் அழித்தாய். "அலுமாரி தூக்குறவைக்கு ஆரின்ரை முகம் தெரியும்? கதவும் சத்தமும் போதும்" என்றாய். உண்மைதான், அன்று நமக்கும் குரல்கள்தான் கேட்டன. திருப்பத்தில் கருவி திக்கித் திக்கி ஓடியது. நான் காட்சியிலிருந்த நிழல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். அதெல்லாம் சரிவந்தது. ஒன்றுதான் சரிவரவில்லை: கருவி ஒன்று, தூக்குகிறவர்கள் இரண்டு.

மற்ற ஆளைக் கணினியே நடத்தட்டும் என்றது கொம்பனி. "அப்ப அது லொறிக்காரன்ரை கேம். எங்கட கேம் இல்லை" என்று என்னிடம் சீறினாய். ஒரே கருவியை இரண்டு பேர் பிடிக்க வேண்டும், இடக்குமிழ் ஒருவருக்கு, வலக்குமிழ் மற்றவருக்கு என்றாய். ஒருவரும் அப்படி விளையாட மாட்டார்கள் என்றார்கள். எனக்கும் உள்ளுக்குள் அதே பயம்தான். நீ என்னை இழுத்துக்கொண்டு போய் தெஹிவளை ரயிலில் ஏறினாய். தோளும் தோளும் ஒட்ட, ஆளுக்கொரு கையால் கருவியைப் பிடித்து விளையாடினோம். உன் முழங்கை என் விலாவில். பக்கத்தில் நின்ற, முன்பின் தெரியாத ஐயா ஒருவர் எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு பொறுக்க முடியாமல், "இடப்பக்கம் சரியுங்கோ பிள்ளையள், இடிக்கப்போகுது" என்றார். நீ என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டேன். "பாத்தியா? ஏறும்."

ஏறியது. கொம்பனிக்காரர்கள் முன்னால் கமராவில் அப்படியே விளையாடிக் காட்டி ஒப்புக்கொள்ள வைத்தாய். வெளியாகும் முன் உனக்கு டெங்கு வந்தது. மழைக்குப் பிறகு கொழும்பில் யாருக்கும் வருகிற காய்ச்சல்தானே என்று நானும் தோடம்பழமும் இளநீரும் வாங்கிக்கொண்டு வந்தேன். பிறகு பொரளை மயானத்தில் உன்னை எரித்துவிட்டு வந்தோம். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் விதி என்றார்கள். நான் அதை ஏற்கவில்லை. இப்போதும் ஏற்கவில்லை. ஒரு நுளம்புக்கு உன்னைக் கொடுக்க எனக்குச் சம்மதமில்லை.

இப்போது கொம்பனி என்ன கேட்கிறது தெரியுமா? தனியாக விளையாடுகிறவர்கள்தான் அதிகமாம். இல்லாத ஆளுக்குப் பதில் கணினியை வைக்க வேண்டுமாம். மறுத்தால் விளையாட்டைக் கடையிலிருந்தே எடுத்துவிடுவார்களாம். சோதனைக்காக நாம் விளையாடிய பதிவுகள் எல்லாம் அவர்களிடம் இருக்கின்றன, நீ குமிழை அசைத்த ஒவ்வோர் அசைவும். அவற்றைக் கணினிக்குப் பழக்கி, மறுமுனையில் உன்னையே நிறுத்தலாமாம். உனக்கு அஞ்சலியாம். மாதிரி ஒன்றையும் செய்து அனுப்பிவிட்டார்கள்.

விளையாடிப் பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன், முதல் மூன்று மாடிக்கும் நீதான் என்று நம்பினேன். திருப்பத்துக்கு முன் சற்றுப் பின்வாங்குவாயே, அதே பின்வாங்கல். மூன்றாம் மாடியில் நீ வழக்கமாக நிற்கும் இடத்தில் அதுவும் நின்றது.

மறுபடி விளையாடினேன். சின்ன வயதில் முறிந்த என் வலக்கை கனநேரம் பிடித்தால் விறைத்துப்போகும், அது உனக்குத் தெரியும். இந்த முறை இரண்டாம் மாடியிலேயே விறைத்தது. கணினி நிற்கவில்லை. இழுத்துக்கொண்டே ஏறியது. அலுமாரி என் கையை விட்டுப் படியெல்லாம் உருண்டது. கணினி மட்டும் மேலே போய், மூன்றாம் மாடியில், வெறுங்கையோடு சரியாக அந்த இடத்தில் நின்றது.

அப்போதுதான் விளங்கியது. நீ அங்கே நின்றது என் கைக்காக. "தண்ணி குடிப்பம்" என்று சாட்டுச் சொல்லி நிற்பாய். அவர்களுடைய பதிவில் நீ நின்ற இடம் இருக்கிறது, என் கை இல்லை.

தேத்தண்ணியோடு வந்த அம்மா என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார். நான் இன்னும் இதே முன்னறையில்தான் வேலை செய்கிறேன். அம்மாவும் தேத்தண்ணி தருவதை நிறுத்தவில்லை. சொன்னேன். "அவ விளையாடுற மாதிரியே விளையாடுமாம் அம்மா."

"எனக்கு ஏன் மாதிரி?" என்றார். என் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். "இதிலை எங்கை பிடிக்கிறது?"

பழைய கருவியில் நம்முடைய விளையாட்டைப் போட்டேன். உன் குமிழை அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா கெட்டிக்காரி இல்லை. அலுமாரியை மூன்று தரம் கீழே போட்டார். கருவிக்குள்ளிருந்து அவருடைய குரலே, "மெல்ல, மெல்ல, சுவரிலை பெயின்ற் போகுது!" என்று கத்தியது. "தெரியுது, நீ வாயை மூடு" என்று அதற்குப் பதில் கொடுத்தார். நீ போன பிறகு நான் முதல்தரம் வயிறு நோகச் சிரித்தேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் சட்டென்று நின்றார்.

"ஏனம்மா நிண்டிட்டீங்கள்?"

"நீ கையை உதறினனி எல்லே? கொஞ்சம் இறக்கி வைப்பம்."

இறக்கி வைத்தோம். அந்த ஓய்வில் கொம்பனிக்குப் பதில் எழுதினேன். முடியாது. மறுமுனையில் ஆள்தான் நிற்கும். ஆள் இல்லாதவர்கள் போய் ஒரு ஆளைக் கூப்பிடட்டும். கடையிலிருந்து எடுப்பதென்றால் எடுங்கள், நானே வேறு கடை பார்க்கிறேன். அந்த மாதிரியில் கணினிக்கு அவர்கள் வைத்திருந்த உன் பெயரை வெட்டிவிட்டேன்.

பார்த்துக்கொண்டிருந்த அம்மா, உன் தைலத்தைத் தேடி எடுத்து என் மணிக்கட்டில் தேய்த்தார். பிறகு திரையில் மீதமிருந்த படிகளைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இது மேலை ஏறுமோ பிள்ளை?"

"ஏறும் அம்மா. நீங்கள் அந்தப் பக்கத்தைப் பிடியுங்கோ."