மீன் எண்ணெய் மாத்திரையும் மிச்சமுள்ள படிகளும்

பண்டமாரான்,
8.1.1996

அன்பு மகள் இந்திராவுக்கு, அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே உன் அப்பா நலம், வாசல் மல்லிகை நலம், நான் முக்கால் நலம். கிளாஸ்கோ குளிரில் நீ முழு நலமாக இருக்க முருகனைக் கும்பிடுகிறேன். மீதிக் கால் எங்கே போனது என்று நர்ஸம்மா நீ கேட்பாய், சொல்கிறேன், திட்டாமல் வாசி.

போன மாதம் ஈரத் துணி வாளியைத் தூக்கினேன், முதுகில் அப்பளம் நொறுங்கிய மாதிரி ஒரு சத்தம். கிள்ளானில் எக்ஸ்ரே எடுத்தால், முதுகெலும்பில் ஒன்று ஆறிய இட்லியாக அமுங்கிக் கிடக்கிறது. புற்றுநோய் திரும்பிவிட்டதோ என்று உன் அப்பா வெளிறிப்போனார். அது இல்லையாம், எலும்பு மெலிந்துவிட்டதாம். புற்றுநோய்க்காக இரைப்பையை எடுத்த இந்த நாலு வருடத்தில் சுண்ணாம்புச் சத்து உடம்பில் சரியாகச் சேரவில்லையாம். "அதுக்குத்தானேம்மா மீன் எண்ணெய் மாத்திரை குடுத்தேன், சாப்பிட்டீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

நடந்தது இதுதான். ஆபரேஷன் அன்று, பிழைத்தால் பத்துமலை முருகனுக்குப் பால்குடம் எடுக்கிறேன், அதுவரை கவுச்சி தொடமாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். வருடா வருடம் ஏதோ தடை, வேண்டுதல் பாக்கியாகவே நின்றது. மாத்திரையில் மீன் இருக்கிறதே! பக்கத்து வீட்டுத் தனலெட்சுமியின் பூனைக்குப் போட்டேன். அது இப்போது மதிலை ஒரே தாவலில் தாண்டுகிறது, நான் வாளியிடம் தோற்றேன். தனலெட்சுமி ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள், பாசார் மீன்காரன்கூட, "அக்கா, இன்னைக்கு மீனு உங்களுக்கா, பூனைக்கா?" என்கிறான்.

கோயில் குருக்களைக் கேட்டேன், "மருந்துக்கு ஏதும்மா கவுச்சி" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார், நாலு வருடம் முன்னாலேயே கேட்டிருக்கலாம். "பால்குடம் தூக்க முதுகு வேணும்லா" என்று உன் அப்பா குத்தினார். அதற்குத் தண்டனையாக இந்தத் தைப்பூசத்துக்கு அவர் தலையில்தான் குடம். அரிசிப் பை தூக்கவே ஆள் தேடுகிறவர், இப்போது விரதமிருந்து உறுமுகிறார். நான் இடுப்புப் பட்டையோடு கீழே நின்று மேற்பார்வை. அடுத்த வருடம் ஒரு சொம்புப் பாலோடு நானே ஏறுவேன். தினமும் சாமி படத்துக்கு முன்னால் நின்று மாத்திரையை விழுங்குகிறேன், காலை வெயிலில் நடக்கிறேன், பூனை பின்னாலேயே வருகிறது.

நீ பதறி டிக்கெட் போடாதே, அடுத்த தைப்பூசத்துக்கு லீவு சொல்லி வை. என்னைத் தூக்க வேண்டாம், பக்கத்தில் ஏறினால் போதும். பத்துமலையில் இருநூற்று எழுபத்திரண்டு படி. டாக்டரம்மா சம்மதத்தோடு நேற்று நம் வாசல் படி மூன்றையும் எதையும் பிடிக்காமல் ஏறினேன். மீதி இருநூற்று அறுபத்தொன்பது.

கெட்டி எலும்போடு நூறு வயது வாழ வாழ்த்தும்
உன் அம்மா,
வள்ளியம்மா