மூன்றாவது லைனில் இரைச்சல்

வெள்ளி, கார்த்திகை 1971

எங்கள் கப்பல் ஏஜன்சியில் நான் பார்க்கும் டெலிபோன் சுவிட்ச்போட்டில் நான்கு லைன்கள். மூன்றாவதில் மட்டும் பல மாதமாக இரைச்சல். பேசுகிறவரின் குரலும் திடீரென்று பாதியாகிவிடும். "கடற்காத்து கம்பியில அடிக்குது" என்பார் மனேஜர். இன்று அவர் ஜெட்டிக்குப் போயிருந்த நேரம், தபால் கந்தோரிலிருந்து மஜீது நானா திருத்த வந்தார்.

கம்பியைத் தொட்டுக்கொண்டே மனேஜரின் அறைக்குள் போனவர், மேசை லாச்சியைத் திறந்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். உள்ளே அந்த லைனில் பூட்டிய ஒரு ரிசீவர் இருந்தது.

"தங்கச்சி, இது காத்தில்ல. நீங்க கதைக்கக்குள்ள ஆரோ எடுத்துக் கேட்டிருக்காங்க. உங்களுக்குக் கேட்டது மூச்சுச் சத்தம்."

அந்த லைனில்தான் மட்டக்களப்பிலிருக்கும் அக்காவோடு கதைப்பேன். கரு கலைந்ததை அவளுக்கு மட்டுமே சொன்னேன். மறுநாள் இந்த மனேஜர் "உடம்பு இப்ப எப்பிடி?" என்று சிரித்தது ஞாபகம் வந்தது.

அதற்குள் மனேஜர் வந்துவிட்டார். "அதைக் கழட்ட வேண்டாம். இரைச்சலை மட்டும் நிப்பாட்டுங்கோ" என்றார். முகத்தில் வெட்கமேயில்லை.

"என்னால ஏலாது, சேர்" என்றார் மஜீது நானா.

நான் அவரிடம் பிளையரை வாங்கிக் கம்பியை வெட்டினேன். ரிசீவரை வெளியே கொண்டுவந்து, எல்லாக் கிளாக்கர்மாரும் பார்க்க மேசையில் போட்டேன். "சேர் இதிலதான் எங்கட கதையெல்லாம் கேட்டவர்" என்று சத்தமாகச் சொன்னேன்.

ஒருவரும் எழும்பவில்லை. தலைமைக் கிளாக்கர் மட்டும் நிமிராமலே, "எங்களுக்குத் தெரியும், பிள்ளை" என்றார்.

இவ்வளவு நாளும் இவர்களோடு இருந்துதான் மத்தியானச் சோறு தின்றிருக்கிறேன்.