காலித் தட்டின் முன் உட்கார்ந்தவன்

அன்பு மகள் கிங்காவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம், நலம் என்று எழுதக் கை வரவில்லை, அங்கே உட்ரெக்டில் நீயாவது நலமாக இருக்க வேண்டும் என்பதே வேண்டுதல். அம்மாவின் இருமல் அப்படியேதான் இருக்கிறது. காற்று செனோனின் கோழிக் கொட்டகைகளின் பக்கமிருந்து வீசும் நாட்களில் பனியிலும் அந்த நாற்றம் ஏறி வருகிறது, ஜன்னல் இடுக்குகளில் பழைய துணியை அடைத்து வைத்திருக்கிறோம். தொலைபேசியில் சொன்னால் நீ குறுக்கே பேசி என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். பிப்ரவரிக் கூட்டத்துக்கு நீ வர வேண்டாம். செனோனின் புதுக் கொட்டகைகளுக்கு ஊராட்சி அனுமதி கொடுக்கப் போகிற கூட்டத்தில் நம் தோட்டத்துக் காற்றில் எடுத்த அமோனியா அளவுகளை நீயே நின்று வாசிக்கப் போவதாகச் சொன்னாய். வேறு யாராவது வாசிக்கட்டும். ஏன் என்று சொல்கிறேன், முழுவதும் படி.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாலை முதல் நட்சத்திரம் தெரிந்ததும் சாப்பிட உட்கார்ந்தோம். வழிப்போக்கன் யாராவது வந்தால் என்று அம்மா வழக்கம்போல் ஒரு தட்டு கூடுதலாக வைத்திருந்தாள். நீ பிறந்ததிலிருந்து அந்தத் தட்டை யாரும் தொட்டதில்லை. அன்று கதவு தட்டப்பட்டது. பாதிரியாரைக் கண்டாலும் குரைக்கும் நம் நாய் வாலை ஆட்டிக்கொண்டு வழி விட, செனோன் குலேஷா உள்ளே வந்தான். பள்ளியில் ஒரே பெஞ்சில் என் ரசாயன விடைகளைப் பார்த்து எழுதித் தேறியவன், இன்று லட்சக்கணக்கில் கோழி வளர்க்கிறவன். தொப்பியைக் கழற்றி, "என்ன வாத்தியாரே, தட்டு காலியாத்தான இருக்கு, வழிப்போக்கன் வந்துட்டேன்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டான். அந்த ஒரு நாளில் யாரையும் எழுப்பி அனுப்ப முடியாது என்பது அவனுக்குத் தெரியும், அதனால்தான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தான். "தங்கச்சி, பீட்ரூட் சூப் இன்னும் ஒரு கரண்டி ஊத்து, என் பொண்டாட்டி வெச்சா வெறும் செவப்புத் தண்ணி" என்று அம்மாவிடம் கேட்டு வாங்கிக் குடித்தான். கெண்டை மீனில் முள் எடுத்துப் போட்டுக்கொண்டே எல்லாரும் சௌக்கியமா என்று விசாரித்தான். பிறகு, அன்றிரவு ஒருவரோடொருவர் உடைத்து வாழ்த்திக்கொள்ளும் அந்த மெல்லிய அப்பத்தை எடுத்தான். அம்மாவோடு உடைத்து, "உன் நெஞ்சு சரியாகட்டும் தங்கச்சி" என்றான். சொல்கிறவன் யார் பார்! என்னோடு உடைத்தான், நான் என் துண்டைத் தின்றேன், தின்னாமல் என்ன செய்வது. மூன்றாவதாக ஒரு துண்டை உடைத்து மேஜை விரிப்பின்மேல் வைத்தான். "இது கிங்காவுக்கு. அவ வர்ற பாதை வழுக்காம இருக்கட்டும். நம்ம ரோட்டுல என் தீவன லாரிங்க ராப்பகலா ஓடுது, டிரைவருங்க பாதி பேரு தூக்கத்துல ஓட்டறானுங்க, நான் என்ன பண்ணட்டும் சொல்லு" என்றான். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். ஒரு வாழ்த்தைக் கேட்டு நான் பயந்தது அன்றுதான்.

அதோடு போயிருந்தால் நான் வெறும் பயத்தோடு இருந்திருப்பேன், ஆத்திரமாவது துணைக்கு இருந்திருக்கும். அவன் போகவில்லை. நம் பேரிக்காய் மரத்தில் அமோனியாவை அளக்கக் காற்றைப் பிடிக்கும் குழாய்கள் தொங்குவது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் ஆய்வுக்கு நிதி கொடுக்கும் அறக்கட்டளையின் பெயரைக்கூட நாக்குச் சுளுக்காமல் சொன்னான். "அந்த வெளிநாட்டுக்காரன் எத்தன நாளைக்குக் குடுப்பான், ரெண்டு வருஷமா? அப்புறம் வேற ஊரு, வேற கோழின்னு போயிடுவான். நான் பத்து வருஷம் குடுக்கறேண்டா. உன் பேருல ஆய்வுக்கூடம். கோழி எருவப் பத்தி என்ன வேணா ஆராய்ச்சி பண்ணு, அச்சடிக்க மட்டும் என்கிட்ட ஒரு வார்த்த கேளு. வார்சால உன்ன வெளிய தள்ளுனானே அந்தப் பேராசிரியன், அவன் வயிறெரியட்டும்" என்றான். என் முனைவர் பட்ட ஆய்வுக்கு ஒதுக்கிய பணத்தைத் தன் மருமகனுக்குத் திருப்பிவிட்ட அந்த ஆளை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். செனோனுக்கும் தெரிந்திருக்கிறது. கிங்கா, அப்போது நான் கேட்டது என்ன தெரியுமா? வெளியே போ என்று சொல்லவில்லை. என் மகளை மிரட்டுகிறாயா என்று கேட்கவில்லை. "என்னென்ன கருவிகள் வாங்கித் தருவாய்?" என்று கேட்டேன். வாய் தானாகக் கேட்டது. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவன் சிரித்து, தொப்பியை மாட்டிக்கொண்டு, ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளன்று மதியம் பதில் கேட்க வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

லாரியை நினைத்துப் பயப்படுகிறேன், அது நியாயமான பயம். அதைவிடப் பெரிய பயம் என் வாயைப் பற்றியது. உங்கள் நிதி விண்ணப்பத்தில் உள்ளூர் அளவையாளர் என்று என் பெயரைப் போட்டபோது பெருமையாகத்தான் இருந்தது, மகளுக்குக் கிடைத்த பணம் எனக்குக் கிடைக்கவில்லையே என்று கொஞ்சம் எரியவும் செய்தது, மறைப்பானேன். அந்தப் பெயரை எடுத்துவிடு. ஒரு குழாயை மரத்திலிருந்து இறக்கி, மூடி, இரண்டு நாள் அடுப்பங்கரையில் வைத்தால் போதும், அளவு குறைந்துவிடும், உலகத்தில் ஒருவனுக்கும் தெரியாது. அது எப்படி என்று இந்த வாரம் மூன்று முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். இதைப் படித்ததும் நீ என்னை வெறுப்பாய், வெறு, ஆனால் என்னை நம்பி அந்த எண்களை அங்கே வாசிக்காதே.

இந்த மாதக் குழாய்களை இத்துடன் அனுப்புகிறேன். கழற்றியது, மூடியது, உறையில் கையெழுத்திட்டது எல்லாம் அம்மா. நம் ஊர்த் தபால்காரியின் கணவன் செனோனிடம் லாரி ஓட்டுகிறான், அதனால் பேருந்தில் நகரத்துக்குப் போய்த் தபாலில் போடுகிறேன். இனிமேல் குழாய் மாட்டுவது அம்மாதான். நான்தான் மாட்டுவேன் என்று இருமிக்கொண்டே சொல்லிவிட்டாள். அவளுக்கு வேண்டியது மூச்சு விடக் காற்று ஒன்றுதான், அதைக் கொடுத்து அவளை வாங்க செனோனால் ஆகாது. நான் ஏணியைப் பிடித்துக்கொள்கிறேன். உனக்கென்று அவன் உடைத்து வைத்த துண்டு பாதிரியார் மந்திரித்த அப்பம் என்பதால் எறியவும் மனமில்லை, தின்னவும் மனமில்லை, அலமாரிக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது.

வராதே என்று மேலே எழுதினேன். நீ கேட்க மாட்டாய் என்றும் தெரியும். வந்தால் ரயிலில் வா, நான் நிலையத்துக்கு வந்து காட்டுப் பாதையில் அழைத்து வருகிறேன், அதில் லாரி ஓடாது. கழுத்தில் கம்பளியைச் சுற்றிக்கொள். கடவுளும் உன் அம்மாவின் ஜெபமும் உன்னைக் காக்கட்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. மூன்று ராஜாக்கள் திருநாளன்று மதியம் வீட்டுக்குப் போன் செய். நான் எடுக்கும்வரை விடாமல் அடி. அவன் எதிரே உட்கார்ந்திருப்பான், நான் பதில் சொல்ல வாயைத் திறக்கும்போது உன் குரல் என் காதில் இருக்க வேண்டும்.

உன் அப்பா,
ரிஷார்ட்